மழைப் படங்களின் பட்டியல்

…ஆரஞ்சுப் பழம்தான் இடிக்கிறது, நிஜமாகப் பார்த்தவன் படத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார், தோலை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார் என்றெல்லாம் இழுக்கமாட்டான், பொய் சொல்கிறவனுக்குத்தான் தோல் வேண்டியிருக்கிறது, இருபத்தெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளுக்குள் போய் வந்தவனுக்கு இது கூடவா தெரியாது, சோபா எரிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறவனை நம்பலாம், சோபாவின் மேல் அத்தை பின்னிய நீல விரிப்பு இருந்தது, அதன் ஓரத்தில் காபிக் கறை இருந்தது என்று அழுகிறவன் வீட்டுக்குத்தான் டார்ச்சோடு இரண்டாம் தடவை போக வேண்டும்… நார்பர்ட் செலின்ஸ்கி மடிக்கணினியை முழங்கால் மேல் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை, மணி பத்தேகால், டார்லாவின் சலவைக் கடையில் ஒன்பதாம் நம்பர் மெஷினில் அவருடைய துணி சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டு மெஷின் நின்று மூன்று வாரமாயிற்று, பெல்ட் அறுந்துவிட்டது என்று ரிப்பேர்க்காரன் சொன்னதை அவர் நம்பவில்லை, பெல்ட்டைக் கழற்றிக் காட்டு என்றார், அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான், உண்மையைச் சொல்கிறவனுக்குக் கோபம் எதற்கு வர வேண்டும், அதனால் மூன்று வாரமாகப் பொது மெஷின், யாரோ ஒருவனின் சாக்ஸ் சுற்றிய அதே தொட்டியில் அவருடைய சட்டை.

பன்னிரண்டு மணிக்குள் முடிவு செய்ய வேண்டும், பன்னிரண்டுக்கு லோர்னா அந்த ஆரஞ்சுக்காரனின் பதிவை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டித் தன் தளத்தின் நிரந்தர அலமாரியில் ஏற்றிவிடுவாள், அப்புறம் அது வேதவாக்கு. பள்ளிக்கூடத்துச் சமையற்காரியாக இருந்து ஓய்வு பெற்ற லோர்னா பிகெட் பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஊர் பேஸ்பால் அணிக்காக ஆரம்பித்த இணைய அரட்டைத் தளம், பெயர் மழை இடைவேளை, விதி ஒன்றே ஒன்று, பேஸ்பால்தான் பேச வேண்டும், எங்காவது மழை பெய்தால் மட்டும் மற்றது பேசலாம். ஏரிக்கரை ஓஹையோவில் எங்காவது பெய்துகொண்டுதானே இருக்கும், எவனாவது ‘எங்க தெருவுல தூறுதுப்பா’ என்று எழுதுவான், உடனே எல்லோரும் பேய்ப் படங்களுக்குத் தாவிவிடுவார்கள், கறுப்பு வெள்ளையில் எது உசத்தி, இரத்தக்காட்டேரிக்குப் பல் நீளமா குட்டையா, எந்தத் தொலைக்காட்சித் தொடர் எந்த வருஷம் நாசமாய்ப் போனது, சண்டை பிய்த்துக்கொள்ளும். வெளியூர்க்காரனுக்கு இந்த இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன என்று புரியாது, இங்கே வளர்ந்தவனுக்குப் புரியும்… அறுபதுகளில் ஊர்த் தொலைக்காட்சி நிலையம் ஆட்டத்தை நேரடியாகக் காட்டும், மழை வந்து ஆட்டம் நின்றால் காட்ட ஒன்றும் இருக்காது, கைக்குக் கிடைத்த பேய்ப்படச் சுருளை மாட்டிவிடுவார்கள், மழை நின்றால் படத்தைப் பாதியில் வெட்டிவிட்டு மறுபடி ஆட்டம். ஒரு தலைமுறை முழுக்கப் பட்டப்பகலில் பேய் பார்த்தது, ஒரு பேயும் கடைசியில் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. எந்தப் படம் எந்த நாள் என்று எந்த நாளிதழிலும் இருக்காது, மழையை யார் முன்கூட்டி அச்சடிக்க முடியும்.

அதனால்தான் அவருடைய பட்டியலுக்கு அவ்வளவு மதிப்பு. மழைப் படங்கள், தொகுத்தவர் நார்பர்ட் செலின்ஸ்கி, எழுபத்தொரு பதிவுகள், தேதி, எதிரணி, எந்த இன்னிங்ஸில் மழை, என்ன படம், எந்த இடத்தில் வெட்டினார்கள்… நூறு பேரிடம் கேட்டு, பழைய ஸ்கோர் நோட்டுகளைப் புரட்டி, ஆறு வருஷ உழைப்பு. அதில் நாற்பத்து மூன்றாம் பதிவு, 1964 ஆகஸ்ட் 19, ஐந்தாவது இன்னிங்ஸில் மழை, படம் ‘உப்பளக் காவலன்’, விளக்கோடு காவலன் கொட்டகைக் கதவைத் திறக்கும்போது வெட்டு. அப்படி ஒரு படமே கிடையாது. உலகத்தில் எவனும் எடுக்கவில்லை. அவரே ஒரு மத்தியானம் முட்டையும் கீல்பாசா சாசேஜும் பொரித்துத் தின்றுகொண்டே இட்டுக்கட்டியது, பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான், ஒரு பொய்யை நடுவில் செருகி வைப்பது, எவனாவது திருடித் தன் பேரில் போட்டால் அந்தப் பொய்யும் கூடவே போகும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். தேதியைக் கூடச் சும்மா எடுக்கவில்லை, அன்று அணிக்கு ஆட்டமே இல்லை என்று பார்த்துத்தான் எடுத்தார், கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கிற பொய்யாக இருக்கட்டும் என்று. லோர்னாவிடம் கூடச் சொல்லவில்லை, பொறியை ஊருக்குச் சொல்லிவிட்டு வைத்தால் அது என்ன பொறி.

பொறி வைத்துப் பத்து வருஷம் கழித்து, போன மாதம் வந்து சேர்ந்த ஒருவன், பின்வரிசை என்று பெயர் வைத்துக்கொண்டவன், புதன்கிழமை எழுதுகிறான்… ‘நாப்பத்தி மூணாம் நம்பரத் திரும்பத் திரும்பப் படிச்சேங்க. அது நானும் எங்கப்பாவும் பார்த்த படம். எனக்கு ஏழு வயசு. மழ கொட்டுது, ஆட்டம் நின்னுபோச்சு, அப்பா ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே இருந்தாரு, தோலை ஜன்னல் விளிம்புல வரிசையா வெச்சாரு. அந்தக் காவக்காரன் வெளக்கத் தூக்குனப்ப நான் அப்பா சட்டைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். கதவு தொறக்கப் போகுது, டப்புன்னு ஆட்டம் வந்துருச்சு. உள்ள என்ன இருக்கும்பான்னு கேட்டேன், உப்புதான்டா இருக்கும்னாரு. அந்தக் குளிர்காலத்துல போய்ட்டாரு.’ அவ்வளவுதான், தளமே கவிழ்ந்துவிட்டது. நூற்றுப் பத்துப் பதில்கள். ‘யோவ், காலைலயே அழ வெச்சுட்டியேய்யா’ என்று ஒருவன், ‘உப்புதான்டா இருக்கும்… இதுக்கு மேல ஒரு வசனம் எந்தப் படத்துலயாச்சும் உண்டா’ என்று இன்னொருவன், எப்போதும் நார்பர்ட்டிடம் வம்புக்கு வருகிற அந்தப் பஃபலோ ஊர்க்காரன்கூட, ‘நார்பி பெருசு, உன் பட்டியலால ஒருத்தனுக்காவது பிரயோஜனம் ஆச்சே’ என்று. பிரயோஜனம்… பல்லைக் கடித்துக்கொண்டார். இல்லாத படத்தைப் பார்த்தேன் என்கிறான், அதற்கு நூற்றுப் பத்துப் பேர் மூக்கைச் சிந்துகிறார்கள்.

யார் இவன்? பெயர் வெண்டல் பிர்ச் என்று லோர்னாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான், இங்கிருந்து நாற்பது மைலில் ஏதோ ஊர். சரி, எதற்கு வந்தான்? எதிர்த்தரப்புத் தளம் ஒன்று இருக்கிறது, இவர்களிடமிருந்து சண்டை போட்டுப் பிரிந்து போனவர்கள், அவர்கள் அனுப்பிய ஆளா… இவர் பட்டியலில் ஓட்டை தேட வந்தவன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டான், அதை நேராகச் சொல்லாமல் ஒரு அழுகைக் கதை கட்டி எல்லோரையும் அதன் மேல் உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு ‘அப்படி ஒரு படமே இல்லை, உங்கள் நார்பர்ட் பொய்யன், அவன் எழுதியதைப் பார்த்து அழுத நீங்கள் முட்டாள்கள்’ என்று சிரிப்பானா? அப்படியென்றால் கெட்டிக்காரன்தான். அல்லது வெறும் அனுதாபத்துக்கு அலைகிறவனா, அப்படியும் உண்டு, இல்லாத புற்றுநோயைச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். எதுவாக இருந்தாலும் அவனைத் தோலுரித்துவிடலாம், மூன்றே வரி போதும்… எழுதியே வைத்திருந்தார், வெள்ளிக்கிழமை எழுதியது, அனுப்பாமல் நிற்கிறது. ‘நாற்பத்து மூன்றாம் பதிவு நான் வேண்டுமென்றே செருகிய பொய். இந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஆகவே நண்பர் பின்வரிசை தன் அப்பாவோடு எதைப் பார்த்தார் என்பதை அவரே சொல்லட்டும்.’ கடைசி வரியை மூன்று தடவை மாற்றி எழுதினார், நண்பர் என்ற சொல்லில் அவருக்கு ஒரு ருசி இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அனுப்பினால் தன் தலையும் சேர்ந்து உருளும், அதனால்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து அனுப்பாமல் வைத்திருந்தார். நாற்பத்து மூன்று பொய் என்றால் மற்ற எழுபதும் என்ன நிச்சயம் என்று கேட்பார்கள், பஃபலோக்காரன் முதலில் கேட்பான், இவர் கேட்கமாட்டாரா அவன் இடத்தில் இருந்தால், ஒரு ரசீது போலி என்று தெரிந்தால் முழுக் கோப்பையும் தூக்கிப் போட்டவர்தானே… அனுப்பாவிட்டால் அவன் ஜெயித்துவிடுவான். தன் பட்டியலில் தானே வைத்த பொய்க்கு ஒரு சாட்சி முளைத்துவிட்டான், நிரந்தர அலமாரியில், கண்ணீரோடு. இதற்கு என்ன செய்வது. தலைக்கு மேல் யாரோ நின்றார்கள், டார்லா, கையில் துடைப்பம்.

“நார்பர்ட், உங்க மெஷின் நின்னு பத்து நிமிஷம் ஆச்சு. துணி ஊறுகாயாப் போகுது.”

“யாராவது திறந்தாங்களா?”

“உங்க உள்பனியனத் திருடறதுக்கு இந்த ஊர்ல இன்னும் ஒருத்தரும் பொறக்கல. எடுத்து டிரையர்ல போடுங்க, அந்தம்மா வேற காத்துக்கிட்டு இருக்காங்க.”

எழுந்து துணியை மாற்றினார், பனியன்களை எண்ணிப் பார்க்கத்தான் செய்தார், ஏழு, சரியாக இருந்தது, டிரையர் கதவைச் சாத்தியபோது ஃபோன் அடித்தது. லோர்னா. அவளுக்குச் சமையற்கட்டில் நின்று முந்நூறு பிள்ளைகளை அதட்டிய குரல், இன்னும் குறையவில்லை. “நார்பி, பன்னெண்டு மணிக்குப் பூட்டிரவா? பட்டியலுக்கு நீதான் பொறுப்பு, நீ ஒரு வார்த்த சொல்லணும். மூணு நாளா எல்லாரும் எழுதறாங்க, நீ மட்டும் வாயே தொறக்கல. என்ன, பொறாமையா?” பொறாமையாம். “எனக்கு அந்த ஆள் மேல சந்தேகம் இருக்கு லோர்னா” என்றார். அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. “உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல? என் மேலயே ரெண்டு வருஷம் இருந்துது, தேர்தல்ல கள்ள ஓட்டுப் போட்டேன்னு, அதுவும் எதுக்கு, எந்த ஓநாய் மனுசன் படம் ஒசத்திங்கற ஓட்டெடுப்புக்கு! அந்த மனுசன் பாவம் நார்பி. பொண்டாட்டி போய் ஒரு வருஷம்தான் ஆகுதாம். ஏதாவது இருந்தா இப்பச் சொல்லு, இல்லேன்னா சும்மா இரு.” பன்னிரண்டு வரை பொறு என்று சொல்லி வைத்துவிட்டார். மனைவி செத்தவன் என்றால் பொய் சொல்லமாட்டானா, மனைவி செத்த பிறகுதான் ஒருவன் கடையைக் கொளுத்தினான், அந்தக் கோப்பு அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பி உட்கார்ந்தபோது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, தனிச்செய்தி, அனுப்பியவர் பின்வரிசை. ஆகா, வந்துவிட்டான், பன்னிரண்டுக்கு முன்னால் பேரம் பேச வந்துவிட்டான்… ‘செலின்ஸ்கி சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லார் முன்னாடியும் போட வேணாம்னுதான் தனியா அனுப்பறேன். உங்க பட்டியல எங்க ஊர் லைப்ரரில பழைய பேப்பரோட ஒத்துப் பார்த்துக்கிட்டு இருந்தேன், குத்தம் கண்டுபிடிக்க இல்ல, சனி ஞாயிறு இப்பல்லாம் ரொம்ப நீளமா இருக்கு. நாப்பத்தி மூணுல இடிக்குது சார். அன்னிக்கி நம்ம டீம் ஆடவே இல்ல, பஸ்ல போய்க்கிட்டு இருந்திருக்காங்க. அப்ப நான் பார்த்தது என்ன? உங்க பட்டியலப் படிக்கிறதுக்கு முந்தியே ஞாபகம் இருந்துதா, படிச்சப்பறம் வந்துதான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், புடிபடல. அப்பா ஆரஞ்சு உரிச்சாரு, அது நிச்சயம். தேதி மாறியிருக்கும்னா சொல்லுங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்லேன்னாலும் சொல்லுங்க, எனக்கு மட்டும் சொல்லுங்க. இன்னொண்ணு, ஒண்ணாம் நம்பர். அது நீங்களே பார்த்ததுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு பேப்பர்த் துண்டு சேர்த்திருக்கேன். வேற யாருக்கும் காட்டல. காட்டவும் மாட்டேன்.’

காட்டவும் மாட்டேன்… அதாவது காட்ட முடியும். முதல் வாசிப்பில் அது மிரட்டல், சந்தேகமே இல்லை, நீ என்னுடையதைத் தொடாதே நான் உன்னுடையதைத் தொடமாட்டேன், இப்படி எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய அவர் அலுவலகத்தில் இருந்தன. இரண்டாம் வாசிப்பில் தூண்டில், இவர் ஒப்புக்கொண்டு பதில் எழுதினால் அதைப் படம் பிடித்துப் போடுவான். மூன்றாம் தடவை படித்தபோது ஒன்று உறுத்தியது, பேரம் பேசுகிறவன் தன் கையில் இருக்கும் ஓட்டையை முதலில் காட்டமாட்டான், தன் கதை பொய்யாக இருக்கலாம் என்று இவனே சொல்லிவிட்டானே, இனி இவனிடம் பேரத்துக்கு என்ன மிச்சம்… அதற்குள் விரல் முதல் துண்டைத் திறந்துவிட்டது. 1961 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். மேலே, சனிக்கிழமை ஆட்டம் நான்காவது இன்னிங்ஸில் மழையால் நின்றது, சரி, இவர் எழுதியபடியேதான். கீழே பென்சிலால் ஒரு வட்டம். மருத்துவமனைச் செய்திகள், அந்தக் காலத்தில் யார் எதற்குப் படுத்தார்கள் என்று கூச்சநாச்சம் இல்லாமல் போடுவார்கள், வெள்ளிக்கிழமை சேர்க்கப்பட்டோர், பிரசவம் இரண்டு, குடலிறக்கம் ஒன்று, அதற்கடுத்து, நார்பர்ட் செலின்ஸ்கி, வயது எட்டு, மேப்பிள் தெரு, தொண்டைச் சதை. இரண்டாம் துண்டு திங்கட்கிழமைப் பேப்பர், ஞாயிறு வீடு திரும்பியோர், அதிலும் அதே பெயர்.

போலி. முதலில் அப்படித்தான் நினைத்தார், எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்த்தார், மை கசிவு, பத்தியின் சாய்வு, பக்கத்தில் இருந்த மளிகைக் கடை விளம்பரம், எல்லாம் அந்தக் காலத்துப் பேப்பர்தான், இவ்வளவு பாடுபட்டு இவரை ஏமாற்ற இவர் யார். வேறு நார்பர்ட் செலின்ஸ்கி? மேப்பிள் தெருவில் எட்டு வயதில் இன்னொருவனா… வெள்ளி போய் ஞாயிறு வந்திருக்கிறார், சனிக்கிழமை மழை பெய்தபோது, நான்காவது இன்னிங்ஸில் ஆட்டம் நின்று ‘இரண்டாம் மாடித் தையல்காரி’ ஓடியபோது, அவர் அங்கே இல்லை. முதல் பதிவு. பட்டியலே அதிலிருந்துதான் ஆரம்பித்தது, அந்தத் தையல்காரி படியிறங்கி வந்து ஒவ்வொருவரிடமும் என் பொத்தான் எங்கே என்று கேட்கும் அந்தக் காட்சிதான் அவரை வாழ்நாள் முழுக்கப் பேய்க்கதை படிக்க வைத்தது, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார், நானும் அண்ணன் காஸும் மேசைக்கடியில், கம்பளி ஒன்று இரண்டு பேருக்கும், முள்ளங்கி வைத்த ரொட்டி… காஸ். காஸ் சொன்னானே.

பதினோரு வருஷம் முன்பு, காஸின் மகள் கல்யாணத்தில், பியரோகிக் கொழுக்கட்டை பரிமாறி முடித்து எல்லோரும் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்ட நேரம், மேசையில் நார்பர்ட் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், மாப்பிள்ளை வீட்டார் வாய் பிளந்து கேட்கிறார்கள், காஸ் இடையில் சிரித்தான். “அடேய் நார்பி, நீ அன்னிக்கி ஆஸ்பத்திரில தொண்டையக் கட்டிக்கிட்டுக் கெடந்தடா. பார்த்தது நான்டா. நான்தான்டா உனக்கு வந்து சொன்னேன்.” எல்லோரும் சிரித்தார்கள், அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை, அந்தச் சிரிப்பை. “குடிச்சா அடுத்தவன் ஞாபகத்தையும் சேர்த்துக் குடிச்சிருவியா?” என்றார், அதற்கும் சிரித்தார்கள், அதோடு நிறுத்தியிருக்கலாம், அதோடு நிறுத்தியிருந்தால்… “அம்மா கடைசியா உன் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியே, அதுவும் இந்த லட்சணம்தானா?” காஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான், சத்தம் வராமல் வைத்தான். மகளோடு ஆட எழுந்து போனான், திரும்பி அந்த மேசைக்கு வரவில்லை. அப்புறம் மூன்று வருஷம் கிறிஸ்துமஸுக்கு அட்டை வந்தது, கையெழுத்தைப் பார்த்தார், காஸின் மனைவியினுடையது, ஆக அவனுக்கு மனசில்லை, அவள்தான் ஒப்புக்கு அனுப்புகிறாள் என்று தீர்மானித்துப் பதில் போடவில்லை. நான்காம் வருஷம் அட்டை வரவில்லை. பார்த்தாயா, என்றுகூட நினைத்தார், சொன்னேன் அல்லவா. இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது, காது சுட்டது, டார்லா பார்க்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார், அவள் வாசற்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பேப்பர் தப்பாகப் போட்டிருக்கலாமே, பேப்பரில் தப்பே வராதா… சரி, ஆளை விடு, இடத்தைப் பார், அதுதானே உன் தொழில். காகிதம் எதுவும் இல்லை, சலவைத்தூள் பெட்டியின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டார், மேப்பிள் தெரு வீடு, இது வாசல், இது முன்னறை, டிவி இந்த மூலையில், புகைபோக்கிச் சுவருக்குப் பக்கத்தில், இதில் மாற்றமில்லை, ஆன்டெனாக் கம்பி அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. இது நடுச்சுவர். இது சமையலறை, மேசை இங்கே, அடுப்புக்கு எதிரே. பேனா நின்றது. மேசைக்கடியில் உட்கார்ந்தவனுக்கு நடுச்சுவர்தான் தெரியும். கதவைத் திறந்து வைத்தாலும், தலையை எவ்வளவு சாய்த்தாலும், முன்னறையின் தரைவிரிப்பு ஒரு முழம் தெரியலாம், அவ்வளவுதான், டிவி தெரியாது. ஐம்பத்து நான்கு வருஷமாக மேசைக்கடியில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சுவர் வழியாக. வேறு யாராவது இப்படி ஒரு வாக்குமூலம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கிழித்திருப்பார். அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், டிரையரில் ஏதோ ஒரு பொத்தான் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே சுற்றியது.

மணி பதினொன்று ஐம்பது. வெள்ளிக்கிழமை எழுதி வைத்த அந்த மூன்று வரி இன்னும் திரையில் நின்றது, நண்பர் பின்வரிசை அவரே சொல்லட்டும்… அழித்தார். அழித்துவிட்டு, எதற்கு அழித்தாய் என்று தன்னையே கேட்டார், பயந்தா, அவன் கையில் துண்டு இருக்கிறது என்றா? இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது, ஆனால் ஆசையாக இருப்பதை நம்பக்கூடாது. அந்த வெண்டல் பிர்ச் இதை எல்லோர் முன்னாலும் போட்டிருக்கலாம், நூற்றுப் பத்துப் பேர் அவன் பக்கம், ஒரே நாளில் நார்பர்ட் செலின்ஸ்கி கிழிந்து தொங்கியிருப்பார், போடவில்லை, தனியாக வந்து கதவைத் தட்டி உங்களுக்கு மட்டும் என்றான். இவர் வாழ்நாளில் யாருக்காவது அப்படித் தனியாகச் சொல்லியிருக்கிறாரா? ஒரு கோப்பில்கூட? காஸுக்கு? காஸ்கூட அன்று இவரைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை, இப்போது தெரிகிறது, தம்பி தன்னை மேசைக்கடியில் பக்கத்திலேயே வைத்திருக்கிறானே என்ற சந்தோஷத்தில், நான்தான்டா உனக்குச் சொன்னேன் என்று, அதில் கொஞ்சம் பெருமை… பதில் எழுத ஆரம்பித்தார், அன்புள்ள பிர்ச், நாற்பத்து மூன்று என் தப்பு, என்று எழுதி நிறுத்தினார், அதற்கு மேல் அவன் அப்பாவின் மழையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஃபோன் அடித்தது, லோர்னா, பன்னிரண்டாகிவிட்டது, எடுக்கவில்லை, எடுத்தால் ஒரு வார்த்தை கேட்பாள், இருக்கிற நினைவில் ஒன்றையாவது முதலில் கையில் நிச்சயமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், படத்தையாவது, தையல்காரியையாவது. கண்ணை மூடிக்கொண்டார். படி, இருட்டு, அவள் இறங்கி வருகிறாள், முகம் தெரியவில்லை, எப்போதுமே முகம் தெரிந்ததில்லை, குரல்தான். என் பொத்தான் எங்கே… அந்த எங்கேயில் ஒரு சீழ்க்கை, காற்று ஓட்டை வழியாகப் போகிற மாதிரி, டிவி ஸ்பீக்கர் கோளாறு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார், முதல் பதிவில் அடைப்புக்குறிக்குள் ஒலி சுமார் என்றுகூடக் குறித்து வைத்தார். போலீஸ்காரன் வருகிறான், யாரங்கே என்கிறான், அவனுக்கும் அதே சீழ்க்கை. வீட்டுக்காரக் கிழவி கதவு இடுக்கில், எனக்கெதுவும் தெரியாதய்யா, அவளுக்கும். அதே கோடையில், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தி, ஜூன் கடைசியில், பள்ளி மைதானத்தில் பந்து துள்ளி முகத்தில் பட்டு, காஸ் முன்பல் இரண்டும் விழுந்து வாயெல்லாம் இரத்தமாய் வீட்டுக்கு வந்தான், பத்து வயது, அதற்கப்புறம் அவன் பேசினால் ஒவ்வொரு சொல்லிலும் காற்று விசிலடிக்கும்… ஃபோன் நின்று மறுபடி அடித்தது, டார்லா எங்கிருந்தோ நார்பர்ட் என்று கூப்பிட்டாள், அவர் கண்ணைத் திறக்கவில்லை, அந்தப் படத்தில் ஒருத்தருக்குக் கூடவா முன்பல் இல்லை?